குண்டும் குறியும்

ஆட்டங்களில் வல்லவராயினாரை உலகத்தார் இருவகையாற் புகழ்வர். 'அவனுக்குக் கைராசி உண்டு' என்பது ஒன்று. 'அது பிறவியிலேயே வந்த வரம்' என்பது மற்றொன்று. இவை புகழ்ச்சி போலத் தோன்றினும், உற்று நோக்குமிடத்து, ஒருவன் பல்லாண்டு பட்ட பாட்டை ஒரு நொடியில் மறைத்துவிடும் சொற்களாகவே முடிகின்றன. நல்ல ஓவியம் ஒன்றைக் கண்டு, எழுதியவனை விடுத்து அவன் தூரிகையைப் பாராட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. பயிற்சியாலும் ஆராய்ச்சியாலும் ஒருவன் ஆட்டத்திற் தேர்ச்சி பெறுவது யாங்ஙனம், அத்தேர்ச்சி எங்கே எளிதிற் கைகூடும், எங்கே அரிதிற் கைகூடும் என்பவற்றை, யான் அணுகியறிந்த இரண்டு ஆட்டங்களைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

அவற்றுள் ஒன்று, எங்கள் புதுச்சேரி நகரத்து முதியோர் ஆடும் பெத்தாங்க் என்னும் இரும்புக்குண்டு ஆட்டம். மற்றொன்று, உலகெங்கும் பரவிய போக்கர் என்னும் சீட்டாட்டம். இரண்டிற்கும் பிரெஞ்சு நாட்டோடு உறவுண்டு. போக்கரின் பெயர் 'போக்' என்னும் பழைய பிரெஞ்சுச் சீட்டாட்டத்தின் பெயரினின்று பிறந்ததென அறிஞர் பலர் கருதுவர். முன்னர்ப் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உருப்பெற்றது. குண்டாட்டமோ நேரே பிரெஞ்சு நாட்டுத் தென்கரையினின்று வந்தது. ஒரே மரத்தின் இரு கிளைகள் போலத் தோன்றும் இவை, பயில்வோனுக்குக் கற்பிக்கும் முறையில் முற்றும் வேறுபட்டன என்பதே யான் கண்ட உண்மை.

யான் புதுச்சேரியிற் பிறந்து வளர்ந்தவன். 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 1ஆம் நாள் எங்கள் நகரத்தின் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையினின்று இந்தியாவின் கைக்கு மாறியதும், 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் அவ்விணைப்புச் சட்டப்படி நிறைவுற்றதும் அன்பர் பலரும் அறிந்தனவே. அக்காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல இன்றும் எங்கள் ஊரில் வாழ்கின்றன. அக்குடும்பத்து ஆடவர் பலர் பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்து, ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியவர். அவரை எங்கள் ஊரார் 'சொல்தா' என்பர். ஜூலை 14ஆம் நாள் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன் பதக்கங்கள் அணிந்து நிற்கும் அம்முதியோரைக் காணாத புதுச்சேரிப் பிள்ளை இல்லை. அவருள் ஒரு சாரார், வெயில் தணிந்த மாலையில், கையில் ஒரு சிறு தோற்பையோடு மண்திடல்களை நாடிச் செல்வர். அப்பையினுள் இருப்பவை இரும்புக்குண்டுகள்.

அவ்வாட்டத்தின் வரலாறு கேட்டற்கு இனியது. பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியாகிய ப்ரோவான்சில், மூன்றடி ஓடிவந்து குண்டெறியும் பழைய ஆட்டம் ஒன்றுண்டு. 1907ஆம் ஆண்டளவில், லா சியோத்தா என்னும் கடற்கரை ஊரில், அவ்வாட்டத்தில் வல்லவராயிருந்த ழூல் யூக் என்பவர் கீல்வாதத்தால் ஓடவியலாதவரானார். ஆட்டத்தை விடவும் மனம் வரவில்லை. ஆகவே தரையில் ஒரு வட்டம் கீறி, அதனுள் இரு காலும் ஊன்றி நின்று, குறுகிய தொலைவுக்கு எறியும் முறையை வகுத்தனர். ப்ரோவான்சு மொழியில் ஊன்றிய பாதம் என்று பொருள்படும் சொற்றொடரே பெத்தாங்க் எனத் திரிந்தது. 1910இல் அவ்வூரிலேயே இப்பெயரால் முதற் போட்டி நடைபெற்றது. ஓடவியலாத ஒருவர்க்காகத் தோன்றிய ஆட்டமாதலின், இதிற் கால்வலிமைக்கும் தோள்வலிமைக்கும் மிகுந்த இடமில்லை. கைப்பழக்கத்திற்கும் கருத்தூன்றலுக்குமே இடமுண்டு.

ஆட்டத்தின் விதிகள் மிகச் சில. 'கொஷோனே' எனப்படும் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு மரவுருண்டை ஒன்றை வட்டத்தினின்று 6 முதல் 10 மீட்டர் தொலைவில் எறிவர். பின்பு இரு கட்சியாரும் தத்தம் குண்டுகளை அதனருகே சேர்க்க முயல்வர். குண்டின் எடை 650 முதல் 800 கிராம் வரை. எக்கட்சியின் குண்டு அணித்தாக உள்ளதோ அக்கட்சி நிற்க, மற்றைக் கட்சியே மேன்மேலும் எறிதல் வேண்டும். எல்லாக் குண்டுகளும் எறிந்து முடிந்தபின், எதிரியின் மிக அணிய குண்டினும் அருகில் நிற்கும் ஒவ்வொரு குண்டிற்கும் ஒரு புள்ளி. முதலில் 13 புள்ளி எய்தியவர் வென்றவராவர். குண்டை மெல்லச் சென்றணையுமாறு விடுதல் ஒரு கலை. எதிரியின் குண்டைக் குறிபார்த்து அடித்து அகற்றுதல் மற்றொரு கலை. இவ்வளவே ஆட்டம். கற்கத் தொடங்க அரை நாழிகை போதும். கற்று முடிக்க ஓர் ஆயுள் போதாது.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, எங்கள் தெருக்கோடியில், பழைய மதிலொன்றை அடுத்துச் செம்மண் திடல் ஒன்றுண்டு. அங்கே நாள்தோறும் ஆடும் முதியவர் ஒருவரிடமே யான் இவ்வாட்டத்தைக் கற்றேன். பள்ளியிறுதித் தேர்வு முடிந்த விடுமுறையில் தொடங்கி, ஊரிலிருந்த மாலைகளிலெல்லாம் அவரிடம் சென்றேன். அவர் பேச்சிற் சிக்கனமானவர். முதல் மாதம் முழுவதும் மரவுருண்டையை என் கண்ணிலே காட்டினாரில்லை. வட்டத்தினின்று மூன்று நான்கு மீட்டர் தொலைவில் தம் கைக்குட்டையை விரித்து, "தம்பி, குண்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காதே, எங்கே விழுகிறது என்று பார். விழுகிற இடம் உன்னுடையது, நிற்கிற இடம் மண்ணினுடையது" என்றார். ஒரு மாலைக்கு நூறு எறி. பத்துப் பத்தாக எண்ணி, கைக்குட்டைக்கு இடப்புறம் விழுந்தவை எத்தனை, வலப்புறம் எத்தனை, முன்னே எத்தனை, பின்னே எத்தனை என்று குச்சியால் மண்ணிற் கோடிட்டுக் காட்டுவார். 'நன்று' என்றோ 'தீது' என்றோ ஒரு சொல்லும் சொல்லார். கோடுகளே பேசும்.

இரண்டாம் மாதத்தில் எறியும் வகைகளைக் கற்பித்தார். உள்ளங்கை கீழ்நோக்கக் குண்டைப் பற்றி, விடும்பொழுது மணிக்கட்டைச் சிறிதே சுண்டினால் குண்டு பின்னோக்கிச் சுழன்றுகொண்டே செல்லும். தரை தொட்டபின் அதிகம் உருளாது. கடினமான சமதளத்தில் தாழ விட்டு உருட்டலாம். பரல் நிறைந்த தரையில் உருட்டினாற் குண்டு வழிமாறும். அங்கே உயர எறிந்து, விழுந்த இடத்திலேயே அமரச் செய்தல் வேண்டும். மழை பெய்த மறுநாள் அதே திடல் வேறு திடலாகிவிடும். நேற்றைக் கணக்கு இன்றைக்கு உதவாது. ஆதலின் அவர் ஆடத் தொடங்குமுன் திடலின் ஒரு தலையினின்று மறுதலை வரை நடந்து, செருப்பின் அடியால் மண்ணைத் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். அயலார் அதனை முதியவரின் உலா என எண்ணுவர். அதுவே அவரது பாடநூல் என்பதை யான் பின்னரே உணர்ந்தேன்.

மூன்றாவதாக வந்தது குறியடித்தல். முதலில் 6 மீட்டர், பின் 7, பின் 8, இறுதியில் 9. ஒரு தொலைவிற் பத்துக்கு ஆறு படாதவரை அடுத்த தொலைவுக்குப் பின்வாங்க விடமாட்டார். எதிரியின் குண்டை அகற்றிவிட்டு, நம் குண்டு அவ்விடத்திலேயே நின்றுவிடுவதை 'கர்ரோ' என்பர். அவ்வோசை கேட்டவர்க்கே அதன் இன்பம் தெரியும். இஃது உலகப் போட்டிகளிலும் தனிக்கலையாக மதிக்கப்பெறுகின்றது. குறியடிப்போர்க்கெனவுள்ள போட்டியில் ஐந்து வகை அமைப்புகள், ஒவ்வொன்றிலும் 6, 7, 8, 9 மீட்டர் என நான்கு தொலைவு, ஆக இருபது எறி. ஓர் எறிக்கு மிகுதியாக 5 புள்ளி. நூற்றுக்கு எத்தனை என்பதே கணக்கு. தேர்வெழுதும் மாணாக்கர்க்கு இதனினும் விளங்கும் மதிப்பெண்முறை வேறில்லை.

ஒரு நாள் அவர் விட்ட குண்டு, அழகாகச் சென்று, கண்ணுக்கெளிதிற் புலப்படாத சிறு கல்லொன்றிற் பட்டு ஒருபுறமாக ஓடிற்று. யான் அருகில் நின்று, "ஐயா, துரதிருஷ்டம்" என்றேன். அவர் நடந்து சென்று அக்கல்லை எடுத்து என் கையில் வைத்து, "இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்" என்றார். அவ்வளவே. கைராசி என்னும் சொல்லை அதன்பின் யான் எளிதில் வாய்விடுவதில்லை.

இஃதிங்ஙனமாக, என்னோடு ஒரே தெருவில் வளர்ந்து, கணிதம் பயின்றுகொண்டிருந்த நண்பன் ஒருவன் கைப்பேசியில் பணம் வைத்துப் போக்கர் ஆடத் தலைப்பட்டான். யான் அவனைத் தடுக்க முயன்றபோது அவன் கூறிய விடை பொருட்படுத்தத் தக்கது. "உன் குண்டாட்டம் போல இதுவும் திறமை ஆட்டந்தானே! கற்றால் வரும், பயின்றால் வளரும்" என்றான். அவன் கூற்றுப் பொய்யன்று. ரம்மி ஆட்டத்தில் சீட்டுகளின் போக்கை நினைவில் வைத்தலாகிய திறமையே மேம்பட்டு நிற்கின்றது என்னும் உச்சநீதிமன்றத்தின் கருத்து 1968ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையிலேயே வெளிவந்துள்ளது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் போக்கரையும் அவ்வகையிற் சேர்த்தது. போக்கரில் உண்மையாகவே வல்லவராயினார் எத்துணை உழைப்பாளிகள் என்பதை அந்நண்பன் வாயிலாகவே யான் அறிந்தேன்.

52 சீட்டினின்று ஐந்து சீட்டுகளை 25,98,960 வகையாக எடுக்கலாம். கையில் முதலில் வரும் இரண்டு சீட்டும் ஓரெண்ணாய் அமைதல் பதினேழு முறைக்கு ஒருமுறையே. இன்னும் ஒரு சீட்டு மட்டுமே வரவேண்டிய நிலையில், காணாத 46 சீட்டுள் ஒன்பது நமக்கு வெற்றி தருமெனக் கொள்வோம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. நடுவே 300 ரூபாய் குவிந்திருக்க, தொடர்ந்தாட 100 ரூபாய் இடவேண்டுமாயின், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்தாலன்றி இடுதல் நட்டமே. ஆதலின் தேர்ந்தவன் சீட்டைக் கீழே வைத்துவிடுவான். வல்லவனது கல்வியிற் பெரும்பகுதி இவ்வாறு விட்டுவிடக் கற்றலேயாம். அவன் தான் ஆடிய கைகளை எழுதிவைத்து, மறுநாள் அமைதியாக ஆராய்வான். எதிரியின் வழக்கங்களைக் குறிப்பான். சினம் வந்தபொழுது எழுந்துவிடுவான். இத்துணையும் கற்றவனைச் சூதாடி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று.

எனின், இரண்டிற்கும் வேற்றுமை யாது? குண்டு, எறிந்த நொடியிலேயே எறிந்தவனுக்கு உண்மையைச் சொல்லிவிடுகின்றது. நன்றாக எறிந்தால் நன்றாக விழும். தவறாக எறிந்தால் தவறாக விழும். கல் குறுக்கிட்டாலும் குனிந்து அதனை எடுத்துப் பார்க்கலாம். போக்கரிலோ, கணக்கறிந்து செம்மையாக ஆடியவன் தோற்பதும், கண்மூடித்தனமாக ஆடியவன் வெல்வதும் அன்றாட நிகழ்ச்சிகள். அங்கே கல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொடக்கநிலை மாணாக்கன் வெற்றியைத் தன் திறமையென்றும் தோல்வியைத் தன் தீயூழென்றும் எண்ணி, இரண்டினின்றும் ஒன்றும் கல்லாது போகின்றான்.

திறமை வெளிப்படுதற்கு அங்கே எத்துணைக் காலம் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் அமைத்த கணினி நிரல் ஒன்று, தேர்ந்த போக்கர் வீரர் நால்வரோடு 80,000 கைகள் ஆடிற்று. மனிதரே முன்னணியில் நின்றும், அவ்வேறுபாடு திறமையாலாயதென்று உறுதியாகச் சொல்லுதற்குப் போதாதென ஆய்வாளர் கூறிவிட்டனர். 2017இல் லிப்ராட்டஸ் என்னும் மற்றொரு நிரல் 1,20,000 கைகள் ஆடிய பின்பே அதன் வெற்றி ஐயத்திற்கிடமின்றித் துணியப்பெற்றது. மேசையைச் சூழ்ந்தமர்ந்து ஆடினால் மணிக்கு 30 கைகள் ஆடலாமெனக் கொள்வோம். நாளைக்கு நான்கு மணி நேரம் ஆடுபவன் 80,000 கைகளை முடிக்க ஏறத்தாழ இரண்டாண்டு செல்லும். அதுவரை நடுவே வைத்துக்கொண்டிருக்கப் பணம் வேண்டுமே! நாற்பதாயிரம் ரூபாயோடு நுழைந்த மாணாக்கன், தான் வல்லவனா அல்லனா என்பதை அறியுமுன்னரே வெறுங்கையனாகி விடுவான்.

என் நண்பனுக்கு நேர்ந்ததும் அஃதே. முதல் வாரத்தில் வென்றான். அவ்வெற்றியே அவனுக்குப் பெருந்தீங்காய் முடிந்தது. ஒரு பருவத்துக் கட்டணம் போயிற்று. அவன் தாயார் வளையல்களை அடகு வைத்தனர். ஓராண்டுப் படிப்பு நின்றது. "கணக்கு எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கை கணக்கைக் கேட்பதில்லை" என்று அவன் பின்னொருநாள் என்னிடம் கூறினான். அச்சொல்லை யான் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் திறமை, தற்செயல் என்னும் வேறுபாடு பாராது தடைசெய்தது. அச்செய்தியை அவன் படித்துவிட்டு, "இரண்டாண்டு முந்தி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

ஆயினும் அவன் சீட்டை வெறுத்துவிடவில்லை; அதுவே எனக்கு வியப்பளித்தது. சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புளியங்கொட்டைகளை வைத்து அவனும் யானும் போக்கர் ஆடினோம். அவன் ஒரு விதி வகுத்தான். ஒவ்வொரு கையிலும், முடிவு தெரியுமுன்னரே, தொடர்வதா விடுவதா என்பதையும் அதன் காரணத்தையும் ஏட்டில் எழுதிவிடல் வேண்டும். ஆட்டம் முடிந்தபின் கொட்டைகளை எண்ணாமல் ஏட்டையே திருத்தல் வேண்டும். அன்றிரவு அவன் கொட்டைகளெல்லாம் என்பக்கம் வந்துவிட்டன. ஏட்டிலோ அவனே முன்னின்றான். அதனைக் கண்டபோது எனக்குத் திடலிற் கிடந்த கைக்குட்டை நினைவுக்கு வந்தது. நிற்கிற இடத்தை விட்டு விழுகிற இடத்தைப் பார்க்கும் அப்பாடத்தையே அவன் தன் வழியில் கண்டுபிடித்திருந்தான். ஆட்டம் தானாக உண்மை சொல்லாதவிடத்து, அவ்வுண்மையைச் சொல்லும் ஏற்பாட்டை ஆடுபவனே அமைத்துக்கொள்ளல் வேண்டும். போக்கரில் தேர்ந்தவர் செய்யும் ஆராய்ச்சி முழுவதும் இதன்பாற்படும்.

மாணவ நண்பர்காள்! நூற்கல்வியும் இவ்விருவகையினதே. கணக்கொன்று தவறினால் உடனே தெரிந்துவிடும். அது குண்டு போன்றது. படியாமற் சென்று எதிர்பார்த்த வினா வந்ததால் தேறுவதும், நன்கு படித்தும் வேறு வினா வந்ததால் மதிப்பெண் குறைவதும் சீட்டுப் போன்றவை. மதிப்பெண்ணையே நோக்கியிருப்பவன் தான் கற்றதையும் கல்லாததையும் அறியமாட்டான். வினாத்தாள் கைக்கு வருமுன் தன்னைத்தானே வினவிக்கொள்பவனுக்கே அது விளங்கும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். பெத்தாங்க் பிரெஞ்சுக்காரர் ஆட்டமாயினும், அதில் உலக வெற்றி அவர்க்கே உரியதாய் நின்றுவிடவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட மடகாஸ்கர் நாட்டு அணி 1999இல் உலகப் பட்டம் பெற்றது. கம்போடியாவைச் சேர்ந்த கே லெங் என்னும் பெண்மணி 2013இல் மகளிர் குறியடித்தலில் உலக வாகை சூடினார். பிரெஞ்சு ஆட்சியையே அறியாத தாய்லாந்திலும் இவ்வாட்டம் தழைத்தோங்கியுள்ளது. எங்கள் திடலிலோ ஆண்டுக்கு ஆண்டு முதியோர் தொகை குறைகின்றது. தோற்பையை ஏந்தி வரும் இளைஞர் சிலரே. அவரோடு இக்கலையும் மறைந்துவிடின், அதன்பின் நூலிற் படித்து மீட்டல் அரிது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமுமுள்ள மண்தரை ஒன்றும், சில குண்டுகளும் போதும். நம் கல்லூரி விளையாட்டு வெளியின் ஓரத்தில் அத்துணை இடம் இல்லாமற் போகாது. ஓட வலிமையில்லாதார், உயரமில்லாதார், இளையோர், முதியோர், மாணவர், ஆசிரியர் எல்லாரும் ஒரே வட்டத்தினுள் நின்று ஆடத்தக்க ஆட்டம் வேறெது? தம் முயற்சியின் அளவைத் தாமே காண விரும்புவோர் முதல் மாதத்தில் ஒரு கைக்குட்டையும், மண்ணிற் கோடிட ஒரு குச்சியும் கொண்டு வருக. மரவுருண்டையை இரண்டாம் மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம்.